வேலைசெய்த வீட்டுக்கு விருந்தாளியாக

றியாத் விமான நிலையத்தில் என்னுடைய கடவுச்சீட்டை என் கையிலேயே திருப்பித் தந்தார்கள். எனக்கு அதுவே பெரிய புதினம். முன்பு நான் வீட்டு வேலைக்கு வந்து இறங்கியபோது, அதை வாங்கி யாரோ ஒரு மனிதரிடம் கொடுத்துவிட்டு எங்களையெல்லாம் ஒரு மண்டபத்தில் நிலத்தில் இருத்தினார்கள். எசமான் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை அங்கேதான் குந்தியிருந்தோம். இந்த முறை முத்திரை குத்தியவள் ஓர் இளம் பெண். முகத்தை மூடியிருந்தாள், கண்ணில் மை. "முதல் தடவையா?" என்று கேட்டாள். "நீ பிறக்கமுன்னமே வந்தவள் மகளே" என்று அரபியில் சொன்னேன். அவள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

வெளியே நூரா நின்றாள். கறுப்பு அங்கி, தலையில் பாதி சரிந்த முக்காடு, கையில் கார்ச் சாவி. "மலா!" என்று கத்திக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தாள். என் பெயர் சிவமலர். அந்த வீட்டில் அது மலா ஆகிவிட்டது.

நான் காங்கேசன்துறையில் பிறந்தவள். சண்டையில் ஊர்விட்டு ஓடி மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் கிடந்தோம். கடலுக்குப் போன என் மனிசன் திரும்பவில்லை. மகனைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுச் சவூதிக்கு வந்தேன். வந்தபோது நூரா தவழ்கிற பிள்ளை. ஒன்பது வருடம் அவளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, நித்திரையாக்கினேன். இப்போது மருதனார்மடம் சந்தையடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். போன மாரியில் ஒருநாள் நூராவிடமிருந்து அழைப்பு வந்தது. அவளுடைய தாய்க்குப் புற்றுநோயாம். "உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். விருந்தாளியாக வா, மலா."

காரை அவளே ஓட்டினாள். எனக்குப் பெண்கள் கார் ஓட்டக்கூடாத அந்தக் காலம் நினைவுக்கு வந்தது. இவளுக்குக் காய்ச்சல் கொதித்த ஒரு மத்தியானம், வாசலில் இரண்டு கார் நின்றும் ஓட்ட ஆண் ஆள் இல்லாமல், தாயும் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் வாடகை வண்டிக்கு நின்றோம். அதை நூராவிடம் சொன்னேன். "இப்போது நானே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்" என்றாள். குரலில் பெருமை இருந்தது. இருக்கத்தானே வேண்டும். தெருவோரமெல்லாம் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள், கட்டப்போகும் நகரங்களின் படங்களோடு. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எலும்புக்கூடாய் நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இன்னும் கட்டாத கட்டடங்களுக்கு இவ்வளவு வெளிச்சம் போட்டிருப்பது விளங்கவில்லை.

வீடு மாறவில்லை. நூராவின் தாயைத்தான் அடையாளம் தெரியவில்லை. அரபு வீடுகளில் எசமானியை வேலைக்காரர் 'மாமா', அதாவது அம்மா, என்றுதான் கூப்பிட வேண்டும். எங்கள் ஊரில் அது தாயோடு பிறந்த ஆண். வந்த புதிதில் அந்தச் சொல்லை வாயால் சொல்ல எனக்குச் சிரிப்பு வரும். இந்த முறை கட்டிலில் கிடந்த அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்ததும் அந்தச் சொல் தானாக வந்தது. "மாமா, நான் மலா." அவர் என் கையைப் பிடித்து மணந்து பார்த்தார். "மிளகாய் வாசம்" என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்கு என்னை மேசையில் இருத்தினார்கள். அந்த மேசையை எத்தனை வருடம் துடைத்தவள் நான். அதன் கதிரை ஒன்றில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆட்டிறைச்சிச் சோறு பெரிய தட்டத்தில் வந்தது, மேலே வறுத்த வெங்காயமும் முந்திரிகை வற்றலும். கொண்டுவந்து வைத்தவளை நிமிர்ந்து பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த பெண். தட்டத்தை வைத்துவிட்டு மெல்ல, "அக்கா, சாப்பிடுங்கோ" என்றாள். எங்கள் ஊர்ப் பேச்சு.

"தர்மினி. உன் ஊர்ப்பக்கம்தான்" என்றாள் நூரா. "முன்பு அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது முகவரிடம் போய், மலாவைப் போல ஒருத்திதான் வேண்டும், இலங்கைத் தமிழ்ப் பெண்தான் வேண்டும் என்று கேட்டு எடுத்தோம்." என்னைப் புகழ்ந்துதான் சொன்னாள்.

அடுத்த நாள் நூரா என்னைத் தன் அலுவலகம் இருக்கும் பக்கம் கூட்டிப் போனாள். பெரிய கம்பனி ஒன்றில் பெண்களை வேலைக்கு எடுத்துப் பழக்குகிற பகுதி அவளுடையது. மத்தியானம் ஓர் உணவகத்துக்குப் போனோம். ஆண்களும் பெண்களும் ஒரே மண்டபத்தில் இருந்தார்கள். மெல்லப் பாட்டு வேறு போனது. முன்பெல்லாம் குடும்பங்களுக்கு ஒரு வாசல், ஆண்களுக்கு ஒரு வாசல். தொழுகை நேரம் வந்தால் பிரம்போடு மதக் காவல் ஆட்கள் வந்து கடையைப் பூட்டச் சொல்வார்கள். பயத்தில் நான் ஒருமுறை நூராவைத் தூக்கிக்கொண்டு ஒரு துணிக்கடைத் திரைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்.

பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "அப்பா சரி என்றார். அண்ணாவும் சரி என்றான். வேலைக்குப் போகும் நாளில் பார்த்தால் வேலைக்காரி ஓடிவிட்டாள். இப்போது பிள்ளையை யார் பார்ப்பது?" மற்றவள், "இன்னொருத்தியை எடு. இந்த முறை போனை வாங்கி வை" என்றாள். நான் நூராவைப் பார்த்தேன். அவள் இனிப்பு வகைகளின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் நூரா வேலைக்குப் போன பிறகு, உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போனேன். தர்மினி படுக்கை விரிப்புகளை மெசினுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்த இடம் பிள்ளை நீர்?"

"முல்லைத்தீவுப் பக்கம் அக்கா."

"எத்தினை வருசம்?"

"ரெண்டு வருச ஒப்பந்தம். இப்ப நாலாவது நடக்குது." மெசினின் கதவைச் சாத்திவிட்டு அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு பிள்ளையள் அக்கா. அம்மாதான் வைச்சுப் பாத்தவா. அவவுக்குப் பாரிசவாதம் வந்திட்டுது. பிள்ளையளை ஒரு இல்லத்திலை விட்டிருக்கினம். போகவேணும் எண்டு கேட்டனான். நோன்பு முடியட்டும் எண்டினம். பிறகு ஹஜ்ஜுப் பெருநாள் முடியட்டும் எண்டினம். இப்ப அந்த மனிசி படுக்கையிலை. இனி என்னெண்டு கேக்கிறது?"

"கடவுச்சீட்டு?"

"நூரா அக்கான்ரை அலுமாரியிலை. போனும் வெள்ளிக்கிழமைதான் தருவா." அழவில்லை. "அவ கூடாத ஆள் இல்லை அக்கா. கை நீட்டினதில்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. விடுறா இல்லை, அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' எனக்குத் தெரிந்த சொல். ஒன்பது வருடம் ஊருக்குக் கதைத்தபோதெல்லாம் நானும் அதையேதான் சொன்னேன்.

வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. பத்தா என்கிற பழைய சந்தைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கிவருகிறேன் என்று கிளம்பினேன். இப்போது அங்கே நகர ரயில் ஓடுகிறது. சாரதி இல்லாத வண்டி. எங்கள் காங்கேசன்துறைத் தண்டவாளத்தில் மரம் முளைத்துக் கிடந்து, பிறகு ரயில் திரும்ப வந்தபோது நாங்கள் பார்க்கப் போய் நின்றதுபோல, இங்கேயும் சனம் பிள்ளைகளோடு வேடிக்கை பார்க்க ஏறியிருந்தது. நான் எதிர்த் திசை வண்டியில் ஏறிவிட்டேன். இறங்கினால் முன்னும் பின்னும் மணல் வெளி, நடுவே கண்ணாடிக் கோபுரங்கள், மனித நடமாட்டமே இல்லை. சீருடை போட்ட ஒரு பெண் ஓடிவந்து, "காலா, எங்கே போக வேண்டும்?" என்று கேட்டுக் கையைப் பிடித்து மற்றத் தளத்துக்குக் கொண்டுபோய் விட்டாள். 'காலா' என்றால் தாயின் சகோதரி. முன்பு தெருவில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பிள்ளைக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். நல்லது நடந்திருக்கிறது; அதை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பத்தாவில் கறிவேப்பிலை விற்றவர் யேமன் நாட்டுக் கிழவர். அவருடைய ஊரும் சண்டையில் அழிந்த ஊர். பேச்சுவாக்கில் நான் மாற்றங்களைப் பற்றிச் சொன்னேன். பெண்கள் கார் ஓட்டுகிறார்கள், ஸ்டேஷனில் வேலை செய்கிறார்கள் என்றேன். அவர் கீரைக்குத் தண்ணீர் தெளித்தபடி, "நல்லது, என் பேத்திகளுக்கும் அது வரட்டும்" என்றார். பிறகு, "கம்பனி ஆட்களுக்குச் சட்டம் வந்தது, முதலாளியை மாற்றலாம் என்று. வீட்டு வேலைக்காரிக்கும் வீட்டுச் சாரதிக்கும் தோட்டக்காரனுக்கும் அது இல்லை. சட்டம் வீட்டு வாசல் வரைக்கும் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது" என்றார். பக்கத்தில் நின்ற இளைஞன் ஒருவன் அவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான். கிழவர் கறிவேப்பிலையைச் சுற்றித் தந்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று பின்னேரம் மாமாவுக்குக் கஞ்சி பருக்கினேன். கறிவேப்பிலையும் உள்ளியும் போட்டுக் கொஞ்சம் இளகக் காய்ச்சியது. நாலு கரண்டி குடித்தார். அந்த நேரம் மகன் பைசல் வந்தான். நான் வேலைசெய்த காலத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெடியன். இப்போது தாடி வைத்த பெரிய மனிதன். தாயின் நெற்றியில் முத்தமிட்டான், கையில் முத்தமிட்டான், கண் கலங்கினான். காப்பி குடித்தான். போய்விட்டான். அவன் இருந்த நேரத்தில் மாமாவுக்கு விரிப்பு மாற்ற வேண்டி வந்தது. அவன் எழுந்து வெளியே போய் நின்றான். தர்மினிதான் ஓடிவந்தாள்.

அவள் மாமாவின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்து, நோகாமல் ஒரு பக்கம் சரித்து, மறுபக்கம் சரித்துச் செய்வதைப் பார்த்தேன். எல்லாம் முடிந்தபின் மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, இந்தப் பிள்ளைக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கு. தெரியுமா?"

"தெரியும்."

"இவளுடைய தாய் பாரிசவாதத்தில் விழுந்துவிட்டா. பிள்ளைகள் அநாதைகள்போல ஓர் இல்லத்தில் இருக்கிறார்கள்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையாகிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து, "அவள் போனால் என்னை யார் திருப்பிப் படுக்கவைப்பது, மலா?" என்றார். அதில் கோபம் இல்லை; வெறும் பயம். பிறகு அவரே சொன்னார்: "என்னைக் கேட்காதே. நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். நூராவைக் கேள்."

வெள்ளிக்கிழமை நூரா என்னை நகருக்கு வெளியே பாலைவனம் பார்க்கக் கூட்டிப் போனாள். மலை திடீரென்று முடிந்து கீழே சமவெளி விரிகிற இடம். போகும் வழியில்தான் கேட்டேன்.

"தர்மினியை அனுப்பிவிடு, நூரா."

அவள் தெருவைப் பார்த்தபடி, "அம்மா போகும்வரை முடியாது" என்றாள். "எனக்கு வேறு வழி இல்லை. நான் வேலைக்குப் போக வேண்டும். இந்த வேலைக்கு வர எவ்வளவு பாடுபட்டேன் என்று உனக்குத் தெரியாது. இப்போது நான் வீட்டில் இருந்தால், பெண்ணை நம்பிப் பொறுப்புக் கொடுத்தால் இப்படித்தான் என்று சொல்வார்கள்."

"பைசல்?"

சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "நீ பார்த்தாய்தானே."

"எங்கள் ஊரிலும் அப்படித்தான்" என்றேன். "தாய் படுத்தால் மகன் லண்டனிலிருந்து காசு அனுப்புவான், மகள்தான் மலசலம் எடுப்பாள். ஆனால் அந்த மகள் இன்னொருத்தியின் கடவுச்சீட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டுவதில்லை."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீயும் ஒன்பது வருடம் இருந்தாய். ஒருநாளாவது போகவேண்டும் என்று கேட்டாயா? சந்தோசமாகத்தானே இருந்தாய்?"

"நான் கேட்டேன்" என்றேன். "மூன்றாம் வருடம் கேட்டேன், ஐந்தாம் வருடம் கேட்டேன். உன் அப்பா, பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும் என்றார். அந்தப் பிள்ளை நீதான். நீங்கள் எல்லாரும் வெளியே போகும்போது என்னை உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்டு போவீர்கள். நீ சின்னவள், உனக்குத் தெரியாது. உனக்கு நான் சோறூட்டிய காலம் முழுக்க என் மகனுக்கு என் தங்கச்சி ஊட்டினாள். நான் திரும்பிப் போனபோது அவன் என்னைவிட உயரம்."

நூரா காரை ஓரத்தில் நிறுத்தினாள். பக்கத்தால் பாரவண்டிகள் போகும்போதெல்லாம் கார் ஆடியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதாள். சின்ன வயதில் அவள் அழுதால் முதுகைத் தடவுவேன். அன்று கையைத் தூக்கிவிட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

நானே சொன்னேன்: "என் விசா இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அவளை அனுப்பு. நான் இருந்து மாமாவைப் பார்க்கிறேன். கடையைத் தங்கச்சி பார்ப்பாள்."

"வேண்டாம்!" என்று கத்தினாள். "உன்னை இனி அந்த வேலைக்காரி அறையில் படுக்க விடமாட்டேன். நீ எனக்குத் தாய்போல. உன்னை எப்படி நான்..."

அத்தோடு நிறுத்திவிட்டாள். தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டவள்போல என்னைப் பார்த்தாள். நாங்கள் மலைவிளிம்புக்குப் போகவில்லை. அங்கேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

இங்கே எல்லாம் கைத்தொலைபேசியில்தான். வேலைக்காரி நாட்டைவிட்டுப் போக எசமானி அனுமதி கொடுப்பதும் அதில்தான். இரண்டு நாள் கழித்துக் காலைச் சாப்பாட்டு நேரம் நூரா குசினிக்குள் வந்தாள். தர்மினியைக் கூப்பிட்டு, அவளுக்கு முன்னால் வைத்தே செய்தாள். பிறகு கடவுச்சீட்டையும் போனையும் மேசையில் வைத்தாள். தர்மினி தொடவில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, உண்மையோ? நான் எடுக்கலாமோ?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை. உம்முடையதுதான், எடும்."

எடுத்துச் சட்டைக்குள் வைத்தாள். பிறகு குசினித் தொட்டியில் கிடந்த கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். "விடும், நான் கழுவுறன்" என்றேன். "இல்லை அக்கா, இதையும் முடிச்சிட்டுப் போறன்" என்றாள்.

நூரா வேலையிடத்தில் நீண்ட விடுப்புக் கேட்டாள். அவளுக்கு வரவிருந்த பதவி இன்னொருவருக்குப் போயிற்று. பகலில் வந்துபோகிற ஒரு தாதியை ஏற்பாடு செய்தாள். மாமாவைச் சரித்துப் படுக்கவைப்பதை, கையை எங்கே கொடுப்பது, எப்படி மூச்சுப் பிடித்துத் தூக்குவது என்று தர்மினிதான் நூராவுக்குக் காட்டிக்கொடுத்தாள். முதல் முறை நூரா செய்தபோது மாமா நோவில் கத்தினார். மகளும் கத்தினாள். மூன்றாம் முறை சரியாக வந்தது. நானும் தர்மினியும் ஒரே விமானத்தில் திரும்பினோம். புறப்படுமுன் மாமா என் கையை மணந்து பார்க்கவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

நான் ஊர் வந்து சில வாரத்தில் அவர் காலமானார். நூரா அழைத்தாள். தானும் சிற்றன்னையும் சேர்ந்து தாயின் உடலைக் குளிப்பாட்டியதாகச் சொன்னாள். "கடைசி நாட்களில், என் கை பட்டால் நோகவில்லை என்று அம்மா சொன்னார்" என்றாள். பிறகு, பைசல் ஒரே ஒருநாள் வந்து விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தான் என்றாள். அதைச் சொன்னபோதுதான் அழுதாள். வேலைக்குத் திரும்பிப் போவாயா என்று கேட்டேன். "போவேன். கீழேயிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். தொடங்குவேன்" என்றாள்.

போன கிழமை ஆஞ்சநேயர் கோயிலுக்கு வந்த சாட்டில் தர்மினி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். இல்லத்திலிருந்து அவர்களை எடுத்து ஒரு மாதம்தான். சந்தை நாள், கடை நிறையச் சனம். மூலை மேசையில் இருத்தி இடியப்பமும் சொதியும் கொடுத்தேன். மூத்தவள் பெட்டை, தாயின் பக்கம் ஒட்டி இருந்தாள். இளையவன், தாய் போகும்போது நடை பழகிக்கொண்டிருந்தவனாம், எதிர்க் கதிரையில் தனியே இருந்து சம்பலை விலக்கி விலக்கிச் சாப்பிட்டான். திடீரென்று அவனுக்கு உறைத்துவிட்டது.

"அன்ரி, தண்ணி" என்றான்.

என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று எழுந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. தர்மினியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். மூத்தவள் அவனுடைய காலில் மேசைக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டினாள்.

தர்மினி எழும்பிப் போத்தலைத் திறந்து, கோப்பையில் ஊற்றி, அவனிடம் கொடுத்தாள்.

"மெல்லக் குடி, அப்பன்" என்றாள்.